அலையாத்திக் காட்டுக் கணக்கெடுப்பு: இனம் பிரித்தறிய உதவி வேண்டும்

வணக்கம். அலையாத்திக் காட்டில் (கடலோர உவர்நீர்ச் சேற்றில் வளரும் காடு) எந்தெந்த மர இனங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறோம். எந்த இடத்தைப் பாதுகாக்க வேண்டும், எங்கே எந்தக் கன்றை நட வேண்டும் என்று முடிவெடுக்க இது அவசியம். ஒரே இனத்தை எல்லா இடத்திலும் நட்டுவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீர் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கோடு போட்டு, மரங்களுக்கு 10×10 மீட்டர் கட்டம், நாற்றுகளுக்கு 1×1 மீட்டர் கட்டம் என்று வைத்திருக்கிறோம். சுரபுன்னை (ரைசோபோரா) என்ற அலையாத்தி மரத்தில் இரண்டு இனங்கள்: அப்பிகுலேட்டாவுக்குக் குட்டைக் காம்பில் இரண்டே பூக்கள், முக்ரோனேட்டாவுக்கு நீண்ட காம்பில் கொத்தாகப் பூக்கள். சரி, பூ இல்லாத காலத்தில்? இரண்டும் அருகருகே இருந்தால் கலப்பினமும் வரலாம், அங்கேதான் திணறுகிறோம்.

அப்புறம், சுரபுன்னையில், தண்டிலிருந்து இறங்கி மரத்தைத் தாங்கும் முட்டுவேர்களில் மிக உயரத்தில் உள்ளதற்கு 30 சென்டிமீட்டர் மேலே தண்டின் சுற்றளவு எடுக்கிறோம். அடியிலேயே பல கிளையாகப் பிரியும் இன்னொரு அலையாத்தி மரமான வெண்கண்டலை ஒரே மரமாக எண்ணுவதா, ஒவ்வொரு தண்டையும் தனியாக அளப்பதா?

களத்தில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். இலை, பட்டை, வேர்ப் படங்களைப் பார்த்து இனம் சொல்லக்கூடியவர்கள் இருந்தால் இங்கேயே பதிவிடுகிறேன்.