ஐந்தோவன் நகரில் வழிகாட்டியுடன் நடைப்பயணம்: அரை நாள் போதுமா?

கேள்வி (பெரம்பூர் வாசி): அலுவலக வேலையாக அக்டோபரில் நெதர்லாந்து செல்கிறேன். 1876இல் தொடங்கிய பக்கிங்ஹாம் துணி ஆலையின் சங்கொலி கேட்டு வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், பழைய ஆலைகள் பலவற்றை இடிக்காமல் வடிவமைப்பு நகரமாக மாறிய ஐந்தோவனை நடந்தே பார்க்க விரும்புகிறேன். வழிகாட்டி அவசியமா?

மறுமொழி 1 (ராயபுரம்): அவசியம் என்பேன். 1891இல் பல்பு தயாரிப்பதற்காக பிலிப்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்ட ஊர் அது. அதன் தொழிற்பகுதியான ஸ்ட்ரைப்-எஸ், வெளியாட்கள் நுழைய முடியாததால், 'தடைசெய்யப்பட்ட நகரம்' என்றே அழைக்கப்பட்டது. இன்று அங்கே தலைக்குமேல் ஓடும் பழைய குழாய்களை அகற்றாமல் விட்டிருக்கிறார்கள். அவற்றின் அடியில் நின்று, எந்தக் கட்டடத்தில் என்ன வேலை நடந்தது என்று வழிகாட்டி விளக்கியபோதுதான் எனக்கு அந்த இடம் புரிந்தது. பல்புத் தொழிற்சாலையாக இருந்த 'வெள்ளைச் சீமாட்டி' கட்டடத்தில் இப்போது வடிவமைப்புக் கல்லூரி நடக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள், ஐயா.

மறுமொழி 2 (வியாசர்பாடி): அரை நாள் போதாது. அக்டோபரில் ஒன்பது நாள் அங்கே 'டச்சு வடிவமைப்பு வாரம்' என்ற கண்காட்சி நடக்கும். தேதி பார்த்து, தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஸ்ட்ரைப்-எஸ்ஸுக்குத் தனி ரயில் நிலையமே உண்டு.

பெரம்பூர் வாசி: மிக்க நன்றி. ஒரு முழு நாள் ஒதுக்கிவிட்டேன். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமான நம் ஆலைத் தெருக்களிலும் இப்படியொரு நடைப்பயணம் வேண்டும். திரும்பி வந்ததும் பெரம்பூரிலிருந்து நடக்க யார் வருகிறீர்கள்?