கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது இந்தியா சென்று திரும்பலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரிகிறேன். என் மனைவி எஃப்-1 விசாவில் முதுகலை படிக்கிறார். வேலைவாய்ப்புப் பிரிவில் எங்கள் பிரையாரிட்டி டேட் (கிரீன் கார்டு வரிசையில் எங்களுக்குரிய தேதி) வந்ததும் இருவருக்கும் கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 தாக்கல் செய்தோம். வேலை அனுமதிக்கான ஐ-765, பயண அனுமதிக்கான ஐ-131 ஆகியவற்றையும் அதனுடனேயே அனுப்பிவிட்டோம். ரசீதுகள் வந்துவிட்டன, பயோமெட்ரிக்ஸும் முடிந்தது. பயண அனுமதி ஆவணமான அட்வான்ஸ் பரோல் இன்னும் வரவில்லை.

இந்த நிலையில் மனைவியின் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் உள்ள எச்-1பி விசா ஸ்டாம்ப் காலாவதியாகிவிட்டது, ஆனால் ஐ-797 (எச்-1பி மனு ஏற்கப்பட்டதற்கான அறிவிப்பு) இன்னும் நடப்பில் இருக்கிறது. மனைவியின் எஃப்-1 ஸ்டாம்புக்குக் காலம் இருப்பதால் அவர் தாராளமாகப் போய் வரலாம், எனக்குத்தான் சிக்கல் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இது சரியா? மேலும், ஐ-131 நிலுவையில் இருக்கும்போதே புறப்பட்டுச் சென்று, அங்கே இருக்கும்போது அனுமதி கிடைத்தால் அதைக் கூரியரில் வரவழைத்துத் திரும்ப முடியுமா?

பதில் 1

நண்பர்கள் சொன்னது அப்படியே தலைகீழ். சிக்கல் உங்கள் மனைவிக்குத்தான்.

ஐ-485 நிலுவையில் இருப்பவர் அட்வான்ஸ் பரோல் பெறாமல் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டால், அந்த விண்ணப்பத்தை அவரே கைவிட்டதாகக் கருத வேண்டும் என்பது பொது விதி. இதற்கு விலக்குப் பெற்றவர்களில் முக்கியமானவர்கள் எச்-1பி, எல்-1 பணியாளர்களும் அவர்களைச் சார்ந்து எச்-4, எல்-2 விசாவில் இருப்பவர்களும். குடியேறும் எண்ணம் இருந்தாலும் இந்த விசாக்களை வைத்திருக்கலாம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டிருப்பதால், இவர்கள் செல்லத்தக்க விசாவுடன் திரும்பி வந்து அதே நிலையில் தொடர்ந்தால் விண்ணப்பத்துக்குப் பாதகமில்லை. எஃப்-1 இந்தப் பட்டியலில் இல்லை. படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்புவேன் என்ற உறுதியின் பேரில் தரப்படும் விசா அது. ஐ-485 தாக்கல் செய்தவர் அதே ஸ்டாம்பைக் காட்டி உள்ளே வர முயன்றால் விமான நிலையத்திலேயே கேள்வி எழும். ஸ்டாம்பில் இன்னும் எத்தனை ஆண்டு மீதமிருக்கிறது என்பதற்கு இங்கே மதிப்பே இல்லை.

அவர் அப்படிப் போனால் உங்கள் ஐ-485-க்குப் பாதிப்பில்லை, அவருடையது மட்டும் போய்விடும். மறுபடியும் தாக்கல் செய்தால் போயிற்று என்று நினைக்க வேண்டாம். அந்த மாத விசா புல்லட்டினில் (எந்தத் தேதிவரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு என்று மாதந்தோறும் வரும் அறிவிப்பு) உங்கள் பிரையாரிட்டி டேட் நடப்பில் இருந்தால்தான் மறு தாக்கலுக்கு இடமுண்டு. வேலைவாய்ப்புப் பிரிவில் இந்தியாவுக்கான இபி-2, இபி-3 வரிசைகளில் தேதி முன்னேறிவிட்டுப் பின்வாங்குவது பலமுறை நடந்திருக்கிறது.

கூரியர் யோசனையும் உதவாது. அட்வான்ஸ் பரோல் என்ற பெயரே முன்கூட்டிப் பெற வேண்டிய அனுமதி என்பதால் வந்தது. ஆவணம் கிடைக்கும் முன் புறப்பட்டால் ஐ-131 விண்ணப்பமும் கைவிடப்பட்டதாகிவிடும் என்று அந்தப் படிவத்துக்கான வழிமுறைகளிலேயே எழுதியிருக்கிறது. ரசீதையே அனுமதி என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதில் 2

மேலே சொன்னது அனைத்தும் சரி. ஆனால் எச்-1பியில் இருப்பவர் விலக்கு இருக்கிறது என்ற தைரியத்தில் புறப்பட்டுவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

உங்கள் ஸ்டாம்ப் காலாவதியாகிவிட்டதால், திரும்புவதற்கு முன் துணைத் தூதரகத்தில் புது ஸ்டாம்ப் பெற்றாக வேண்டும். நேர்காணல் இல்லாமல் டிராப்பாக்ஸில் பாஸ்போர்ட்டைப் போட்டுவிட்டு வரும் வசதி 2025 செப்டம்பர் 2 முதல் எச்-1பிக்கு இல்லை. நேர்காணல் முடிந்த பிறகும் 221(ஜி) என்ற சட்டப் பிரிவைக் குறிப்பிட்டுத் தாளைக் கொடுத்து விசாவை நிறுத்திவைத்தால், அது எப்போது முடியும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது வேலை போய்விட்டால் எச்-1பி வழியே மூடிக்கொள்ளும். அட்வான்ஸ் பரோலுக்கு இந்தக் கவலைகள் இல்லை. அது தூதரகத்தையும் சார்ந்ததல்ல, முதலாளியையும் சார்ந்ததல்ல.

அதற்காக அட்வான்ஸ் பரோலில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைக் காட்டி உள்ளே வருகிறவர் சட்டத்தின் பார்வையில் முறைப்படி அனுமதிக்கப்பட்டவர் அல்ல, பரோலில் விடப்பட்டவர். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது போன்ற நிலை. வழக்கமாக செகண்டரி இன்ஸ்பெக்ஷனுக்கு (கூடுதல் விசாரணைக்கு) அனுப்புவார்கள், காத்திருக்க வேண்டியிருக்கும். உள்ளே விடுவதா என்ற இறுதி முடிவு எல்லை அதிகாரியுடையது. 2000-ஆம் ஆண்டில் வெளியான குடியேற்றத் துறைச் சுற்றறிக்கையின்படி, இவ்வாறு திரும்பியவர் எச்-1பி மனு நடப்பில் இருக்கும்வரை அதே நிறுவனத்தில் வேலையைத் தொடரலாம், நீட்டிப்பும் கோரலாம். எனினும் ஐ-485 நிராகரிக்கப்பட்டால், பரோலில் வந்தவருக்குக் கீழே பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. எச்-1பியில் உள்ளே வந்தவருக்கு அந்த நிலை மிஞ்சும்.

ஆகவே என் கருத்தில் அட்வான்ஸ் பரோலைக் கையில் வைத்துக்கொண்டு, விடுமுறை போதுமான அளவு இருந்தால் ஸ்டாம்பிங்குக்கும் முயல்வதே நல்லது. ஸ்டாம்ப் கிடைத்தால் அதில் வாருங்கள், தாமதமானால் பரோலில் வாருங்கள். வழக்கறிஞர்களில் சிலர் இதை ஏற்க மாட்டார்கள். தூதரகத்தின் பக்கமே போகாமல் வந்துவிடுங்கள் என்பார்கள். பாஸ்போர்ட் தூதரகத்தில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பை எண்ணினால் அதிலும் நியாயம் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மனைவியிடம் சொல்லிவிட்டேன், பயணச் சீட்டு எடுப்பதை நிறுத்திவைத்திருக்கிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள். திருமணத்தைக் காரணம் காட்டி ஐ-131-ஐ விரைவுபடுத்தக் கோர முடியுமா, அல்லது மரணம், கடும் நோய் ஆகியவற்றுக்கு மட்டும்தானா? மனைவி அட்வான்ஸ் பரோலில் திரும்பினால் அவருடைய படிப்பு என்னவாகும்? பல்கலைக்கழகத்திலேயே பகுதி நேர வேலையும் செய்கிறார்.

பதில் 3

இரண்டு வழிகளைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். தந்தை தீவிர சிகிச்சையில் இருக்கிறார், சில நாட்களுக்குள் போயாக வேண்டும் என்பது போன்ற நிலையில், குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸின் உதவி மையத்தை அழைத்து, உள்ளூர் அலுவலகத்தில் நேரில் அவசர அட்வான்ஸ் பரோல் கோருவது ஒரு வழி. மருத்துவரின் கடிதம் போன்ற சான்றுகளுடன் போக வேண்டும். திருமணத்துக்கு இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மற்றொன்று, ஏற்கெனவே நிலுவையில் உள்ள ஐ-131-ஐ விரைவுபடுத்தும் கோரிக்கை. எதிர்பாராத நிகழ்வு மட்டுமின்றி, முன்பே திட்டமிட்ட நிகழ்வுக்காகவும் இதைக் கேட்கலாம் என்று யுஎஸ்சிஐஎஸ் கொள்கை கூறுகிறது. ஆனால் திட்டமிட்ட நிகழ்வு என்றால், விண்ணப்பதாரர் தாமதமின்றி விண்ணப்பித்தாரா என்று பார்ப்பார்கள். வெறும் சுற்றுலாவுக்குக் கொடுக்க மாட்டார்கள். நீங்கள் ஐ-485 உடனேயே அனுப்பியது இங்கே உங்களுக்குச் சாதகம். அழைப்பிதழ், மணமகளுடனான உறவைக் காட்டும் சான்று ஆகியவற்றை அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இணைத்துக் கேளுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம்.

மனைவியின் படிப்பு நிற்காது. ஐ-485 நிலுவையில் இருப்பவர் படிக்கத் தடை இல்லை. ஆனால் பரோலில் நுழைந்த பிறகு அவர் எஃப்-1 மாணவர் அல்லர் என்பதால், அந்த நிலையிலிருந்து கிடைத்த வளாக வேலை அனுமதியும் முடிந்துவிடும். ஐ-765 மூலம் வரும் ஈஏடி (வேலை அனுமதி அட்டை) கையில் இருந்தால்தான் வேலையைத் தொடரலாம். எனவே அவர் இரண்டு ஆவணங்களுக்கும் காத்திருக்க வேண்டும். பல்கலைக்கழக அயல்நாட்டு மாணவர் அலுவலகத்திடமும் முன்பே தெரிவித்துவிடச் சொல்லுங்கள்.

பதில் 4

சில்லறை விஷயங்கள் என்று தோன்றினாலும் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. அட்வான்ஸ் பரோல் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. கணவருடைய தாள் மனைவிக்கு உதவாது. புறப்படும் நாளில் மட்டுமின்றி, திரும்பி வந்து இறங்கும் நாளிலும் அது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். எச்-1பியில் நுழைகிறவர் பாஸ்போர்ட் முடியும் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட் முன்னதாக முடிந்தால், எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவை அந்தத் தேதிவரை மட்டுமே கொடுத்துவிடுவார்கள், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. நீங்கள் இல்லாத காலத்தில் வரும் தபாலைப் பிரித்துப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். நேர்காணல் அழைப்போ கூடுதல் சான்று கேட்கும் கடிதமோ வந்து கெடு தவறினால் விண்ணப்பமே மறுக்கப்படலாம்.

பரோலில் நுழைவோருக்கு 1,000 டாலர் கட்டணம் என்று 2025-இல் வந்த சட்டத்தைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். ஐ-485 நிலுவையில் இருந்து, தற்காலிகப் பயணம் முடிந்து அட்வான்ஸ் பரோலில் திரும்புவோருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

இந்தப் பதில்களைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. ஐ-485 தாக்கல் செய்வதற்கு முன் 180 நாட்களுக்கு மேல் சட்டப்படியான நிலை இன்றித் தங்கியவர்கள், அட்வான்ஸ் பரோல் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக உடனே புறப்பட வேண்டாம். அப்படித் தங்கியவர் நாட்டை விட்டு வெளியேறினால் 3 ஆண்டுத் தடையும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் 10 ஆண்டுத் தடையும் சட்டத்தில் இருக்கின்றன. அரபெல்லி, யெரபெல்லி வழக்கில் 2012-இல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம், அட்வான்ஸ் பரோலில் சென்று திரும்புவது அந்த 10 ஆண்டுத் தடையைத் தூண்டும் வெளியேற்றம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. தடை நீங்கினாலும், நிலையின்றி இருந்த காலம் ஐ-485-இன் தகுதியை வேறு விதத்தில் பாதிக்கக் கூடும் என்பதால், அத்தகையவர்கள் பழைய ஐ-94, ஐ-797 அனைத்தையும் எடுத்துக்கொண்டு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே பயணச் சீட்டு எடுப்பது நல்லது.