வெப்ஆர்டிசி: உலாவி நம்மைக் கேட்காமல் இணைப்பைத் திறக்கலாமா?

கம்பிவடம்:
தனியாக எந்த மென்பொருளும் நிறுவாமல் உலாவியிலேயே காணொளி அழைப்பு பேசுகிறோமே, அதற்கு அடியில் ஓடுவது வெப்ஆர்டிசி. 2011இல் கூகுள் இதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2021 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதை முறைப்படி தரமாக ஏற்றது. வசதியைப் பற்றி எனக்கு வழக்கில்லை. கேமராவையும் மைக்கையும் தொடும் முன் உலாவி அனுமதி கேட்கிறது, சரி. ஆனால் வெளியே இணைப்பு தேடும் வேலைக்கு ஒரு கேள்விகூடக் கிடையாது. செய்தி படிக்கப் போன பக்கத்தின் ஓரத்தில் கிடக்கும் விளம்பர நிரல்கூட ஓசையில்லாமல் அதைத் தொடங்கலாம். வெளியிலிருந்து தெரியும் முகவரியைச் சொல்லும் ஸ்டன் சேவையகத்திடம் "என் வெளி முகவரி என்ன?" என்று உலாவி கேட்கும், பதில் அந்த நிரலின் கைக்கே போய்ச் சேரும். போக்குவரத்தை வேறு கணினி வழியே திருப்பிவிடும் விபிஎன் போட்டிருந்தும், இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் உண்மையான ஐபி முகவரி இப்படி வெளிப்படுவதை 2015இலேயே செய்து காட்டிவிட்டார்கள். இதற்கும் அனுமதி கேட்க வேண்டும் என்கிறேன்.

பொட்டலம்:
நீங்கள் 2015இலேயே நின்றுவிட்டீர்கள். அன்று 192.168 என்று தொடங்கும் உள்வலை முகவரி, அதாவது வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ மட்டும் செல்லும் முகவரி, அப்படியே தெரிந்தது உண்மை. பிறகு அந்த முகவரிக்குப் பதில் ஒரு தற்காலிகப் பெயரைத் தரும் எம்டிஎன்எஸ் மறைப்பு வந்தது. கேமரா அனுமதி கொடுக்காத தளத்துக்கு இப்போது கிடைப்பது தாறுமாறான எழுத்துக்கோவையும் அதன் வாலில் ".லோக்கல்" என்ற சொல்லும்தான். வெளி முகவரி? பக்கத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டதே அந்த முகவரியிலிருந்துதானே. உலாவிப் போக்குவரத்தை மட்டும் திருப்பிவிடும் மலிவான நீட்சியை விபிஎன் என்று நம்பினால் வெப்ஆர்டிசி தரவை அனுப்பும் யுடிபி என்ற முறை அதைச் சுற்றிக்கொண்டு போகத்தான் செய்யும்.

அனுமதிப் பெட்டியையும் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். "இத்தளம் பிற கணினிகளுடன் நேரடி இணைப்பு ஏற்படுத்த விரும்புகிறது." எத்தனை பேருக்குப் புரியும்? குக்கி அறிவிப்பை ஒப்புக்கொள்ளும் அதே விரல் இதையும் ஒப்புக்கொள்ளும்.

அரைத்தூக்கம்:
2020இல் ஒரு பெரிய ஏலத் தளம், வருகிறவர்களின் கணினியில் எந்தெந்த போர்ட், அதாவது செயலிகள் தரவு வாங்கும் வாசல், திறந்திருக்கிறது என்று துழாவியதே, அதுவும் இந்த வழியில்தானே?

பொட்டலம்:
இல்லை, அது வெப்சாக்கெட் என்ற வேறொரு இணைப்பு முறை. எல்லாப் பழியையும் ஒரே தலையில் கட்டாதீர்கள்.

கம்பிவடம்:
அதை விடுங்கள், இந்தத் தலைக்கே உரிய பழி ஒன்று இருக்கிறது. 2025 ஜூனில் ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகள் 12580 முதல் 12585 வரையான யுடிபி போர்ட்டுகளில் பின்னணியில் காது வைத்துக் காத்திருந்தன. அவற்றின் தாய் நிறுவனமான மெட்டாவின் கண்காணிப்பு நிரல், மெட்டா பிக்சல், பதித்த தளம் எதையாவது உலாவியில் திறந்தால், அந்த நிரல் வெப்ஆர்டிசி இணைப்பு ஒன்றைத் தொடங்கும். இணைப்புக்கான விவரக் குறிப்பில் "ஐஸ் யூஃப்ராக்" என்று ஒரு புலம் உண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பெயர்த்துணுக்கு அது, வேறொன்றுமில்லை. அதற்குள் குக்கியின் அடையாள எண்ணைச் செருகி 127.0.0.1க்கு, அதாவது அதே கைபேசிக்கு, அனுப்பினார்கள். செயலிக்குள் நீங்கள் யார் என்பது தெரியும். உலாவியில் என்ன பார்க்கிறீர்கள் என்பதும் வந்து சேர்ந்தது. குக்கியை அழித்தாலும் பயனில்லை, மறைநிலைத் தாவலும் காப்பாற்றவில்லை. யாரும் யாரையும் அழைக்கவில்லை ஐயா, அங்கே ஒரு குரலும் ஒரு படமும் இல்லை!

பொட்டலம்:
அசிங்கமான வேலைதான், மறுக்கவில்லை. ஆய்வு வெளியான அன்றே நிறுத்திக்கொண்டார்கள். குரோம் 137 அந்தப் புலத்தில் கைவைப்பதைத் தடுத்தது. ஓட்டையை அடைத்தாகிவிட்டது. இதற்காக நேரடி இணைப்பு என்ற கருத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவானேன்? இருவர் பேசும்போது ஒலியும் படமும் நடுவில் எந்த நிறுவனத்தின் கணினியிலும் இறங்காமல் போக முடிகிறது. குறியாக்கம் கட்டாயம், வேண்டாம் என்றாலும் அணைக்க முடியாது. அந்தரங்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

சுரங்கவாசி:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நேரடி இணைப்பு என்றால் மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் ஐபி முகவரி தெரியும். நண்பர் என்றால் சரி. முன்பின் தெரியாதவர் என்றால்? பெயர் சொல்லாமல் பேசுவதற்கான ஓர் ஆலோசனைச் சேவைக்கு நான் நிரல் எழுதியபோது இதுதான் முதல் தலைவலி. உலாவிக்குத் தரும் அமைப்பில் "ரிலே" மட்டும் என்று ஒரு வரி எழுதினோம். எல்லா அழைப்பும், நடுவில் நின்று தரவை வாங்கிக் கடத்தும் டர்ன் சேவையகத்தின் வழியே சுற்றிப் போனது. முகவரி மறைந்தது. தாமதம் கூடியது, மாதக் கட்டணமும் கூடியது. அந்த ஒரு வரியை எழுதாத தளம் எது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் எப்படி அறிவார்?

குறியாக்கத்துக்கும் ஒரு சங்கதி. குறியாக்கச் சாவி உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் அதன் "கைரேகை" மறுமுனைக்குப் போவது அழைப்பைச் சேர்த்துவைக்கும் சேவையகத்தின் வழியாக. அது நேர்மையானதாக இருக்கும்வரைதான் அந்தக் குறியாக்கம். குழு அழைப்பில் பெரும்பாலும் படம் நடுச் சேவையகத்துக்குப் போய்த்தான் பிரிகிறது. அங்கே பூட்டு திறக்கப்படுகிறது. முனைக்கு முனை குறியாக்கத்தைத் தனியாகச் சேர்க்காவிட்டால் நடுவில் இருப்பவர் பார்க்கலாம்.

அரைத்தூக்கம்:
அப்படியானால் முழுவதும் அணைத்துவிடலாமே. அடையாளத்தை மறைத்து உலவ உதவும் டோர் உலாவியில் இது கிடையாதாமே.

கம்பிவடம்:
பயர்பாக்ஸின் உள் அமைப்புப் பக்கத்தில் அணைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு கூட்டத்தில் என் குரல் போகவில்லை. நான் அணைத்ததை நானே மறந்துவிட்டு, அரை மணி நேரம் மைக்கின் வயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன். சிரியுங்கள், பரவாயில்லை. முழுக்கத் திற, முழுக்க மூடு என்று இரண்டே நிலை இருந்தால் இப்படித்தான் ஆகும். தளவாரியாக ஒரு பூட்டு கேட்கிறேன், அவ்வளவுதான்.

பொட்டலம்:
பெட்டி வேண்டாம். பயனர் அந்தப் பக்கத்தில் எதையாவது அழுத்திய பிறகே இணைப்பு தொடங்கலாம் என்று வைத்தால் ஒப்புக்கொள்கிறேன்.

கம்பிவடம்:
விளம்பரத்தை மூடப் பெருக்கல் குறியை அழுத்துவதும் அழுத்துவதுதானே?