அவசரம்: இன்று முதல் பேஸ்பால் ஆட்டமே வரவில்லை, என்ன ஆயிற்று?

புதுவரவு (2025 ஜூலை 14, திங்கள், இரவு 8:50)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. எனக்கு இந்த விளையாட்டு தெரியாது, என் பையனுக்குத்தான் (பத்து வயது) உயிர். நேற்று வரை ஆட்டம் வந்தது. இன்று ஏழு மணிக்கு வழக்கம் போல டிவி முன்னால் உட்கார்ந்தான், எங்கள் அணி ஆட்டம் இல்லை. நாளைக்கும் இல்லை, வியாழன் வரை எதுவுமே இல்லை என்று செயலி காட்டுகிறது. மே மாதம் ஐபிஎல்லை ஒரு வாரம் நிறுத்தினார்களே, அந்த மாதிரி ஏதாவது நடந்துவிட்டதா? வேலைநிறுத்தமா? இல்லை, நாங்கள் கட்டிய சந்தா முடிந்துவிட்டதா? தினமும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஸ்கோர் எழுதுவான். இன்றைக்குத் தேதி மட்டும் எழுதி, பக்கத்தில் காலியாக விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான். புதன்கிழமை ஆட்டம் உண்டா இல்லையா, அதை மட்டும் யாராவது சொல்லுங்கள். வீட்டுக்காரர் நைட் ஷிப்டில் இருக்கிறார், போன் எடுக்க மாட்டார்.

ஜெர்சி சிட்டிவாசி

பயப்படாதீங்க. இது ஆல்-ஸ்டார் இடைவேளை, எல்லா அணியின் சிறந்த வீரர்களும் ஆடும் ஒரு ஆட்டத்துக்காக விடும் ஓய்வு, வருஷா வருஷம் ஜூலையில் வருவது. ஆனால் டிவியை நம்பாதீங்க, எம்எல்பி டிவி (பேஸ்பால் லீக்கே இணையத்தில் நடத்துவது) சந்தா எடுங்க, எல்லா அணி ஆட்டமும் வரும். நான் 2011 ஜனவரியில் வந்தபோது அறையில் நாலு பேர், ஒரே ஒரு மடிக்கணினி. வந்த மூணாம் வாரம் பனிப்புயல், ஹீட்டர் போய்விட்டது, ரெண்டு ராத்திரி கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினோம். அந்த வருஷம் ஏப்ரலில் ஆட்டம் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இந்த ஊர் என் ஊர் மாதிரி தோன்றியது. பையனைத் தடுக்காதீங்க.

எக்லின்டன் அண்ணை

தங்கச்சி, வேலைநிறுத்தம் என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நான் 1990-ல் ரொறன்ரோ வந்தவன். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் வேலை. 1993 ஒக்டோபர் 23, சனிக்கிழமை இரவு. குசினியில் றேடியோ ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கள் ரொறன்ரோ அணி புளூ ஜேய்ஸ் 6-5 என்று பின்னால் நிற்கிறார்கள், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், ஜோ கார்ட்டர் அடித்த பந்து இடதுபக்க மதிலுக்கு மேலால் போய்விட்டது. 8-6. தொடர்ந்து இரண்டாவது வருஷமும் சாம்பியன். என் கை இரண்டிலும் முழங்கை வரை சவர்க்கார நுரை. அதுவரை என்னோடு ஒரு வார்த்தை கதைக்காத சமையல்காரர் ஓடி வந்து அப்படியே கட்டிப்பிடித்தார். வெளியே யங் ஸ்ட்ரீட் முழுக்கச் சனம். நாடு விட்டு வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்த முதல் நாள் அது.

அடுத்த வருஷம் ஓகஸ்ட் மாதம் ஒரு ஆட்டத்துக்குக் காசு சேர்த்து வைத்திருந்தேன். 12-ஆம் திகதி வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது, அந்த ஆண்டு சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரே நடக்கவில்லை. அந்த ஏமாற்றம் இன்னும் மனதில் கிடக்கிறது. ஆனபடியால் உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. இப்போது அப்படி ஒன்றும் இல்லை. வீரர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் இருக்கிற ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரை இருக்கிறது.

பிராம்ப்டன் தம்பி

சகோதரி கனடாவா அமெரிக்காவா என்றே சொல்லவில்லை. கனடாவில் இருந்துகொண்டு ஜெர்சி அண்ணா சொன்னபடி எம்எல்பி டிவி எடுத்தால் ப்ளூ ஜேய்ஸ் ஆட்டம் நேரலையாக வராது, நாடு முழுக்க அதை மறைத்துவிடுவார்கள். இங்கே உரிமை ஸ்போர்ட்ஸ்நெட் சேனலிடம். எனக்கு இது தெரியாமல் முதல் வருஷம் சந்தா கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது வேலையும் இல்லை. 60 இடத்தில் விண்ணப்பித்தேன், எல்லா இடத்திலும் கனடிய அனுபவம் இருக்கிறதா என்று ஒரே கேள்வி. அனுபவம் வேண்டுமென்றால் யாராவது வேலை கொடுக்க வேண்டுமே?

ஜெர்சி சிட்டிவாசி

அமெரிக்காவிலும் உள்ளூர் அணி ஆட்டத்தை மறைப்பார்கள்தான். வெளியூர் அணி என்றால் பிரச்சினை இல்லை. அவங்க எந்த அணி என்று சொல்லட்டும்.

பிராம்ப்டன் தம்பி

வாடகையைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் வாங்கலாம் என்பதுதான் ஒன்டாரியோ சட்டம். என்னிடம் ஆறு மாதம் முன்பணம் கேட்டார் ஒருவர். கிரெடிட் ஹிஸ்டரி (கடன் வாங்கிக் கட்டிய வரலாறு) இல்லையாம். வந்து இறங்கியவனுக்கு எங்கிருந்து ஹிஸ்டரி வரும்?

எக்லின்டன் அண்ணை

நாங்கள் வந்த காலத்தில் ஒரு அப்பார்ட்மென்டில் ஒன்பது பேர் இருந்தோம் தம்பி. வாடகை குறைவுதான், ஆனால் சம்பளமும் அப்படித்தான்.

ஒஷாவா அக்கா

எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பெண் கேட்டது புதன்கிழமையைப் பற்றி. தங்கச்சி, எந்த ஊர், எந்த அணி? புதன்கிழமைக்கு என்ன இருக்கிறது? அதைச் சொன்னால்தான் சரியாகப் பதில் சொல்ல முடியும்.

புதுவரவு (திங்கள், இரவு 10:15)

மன்னிக்கவும் அக்கா, அவசரத்தில் எழுதவில்லை. டொராண்டோ, ஸ்கார்பரோவில் இருக்கிறோம். அணி ப்ளூ ஜேய்ஸ்.

புதன்கிழமை, 16-ஆம் தேதி, மாலை 7:07 ஆட்டத்துக்கு நாலு டிக்கெட் வாங்கியிருக்கிறேன். 260 டாலர். ஒரு விற்பனைக் குழுவில் ஒருவர் போட்டிருந்தார், இ-ட்ரான்ஸ்ஃபரில் (வங்கியிலிருந்து மின்னஞ்சல் வழியாக) பணம் அனுப்பினேன், பார்கோடு போட்ட படம் ஒன்று அனுப்பினார். பையன் பள்ளியில் சேர்ந்து ரெண்டு மாதம் யாரிடமும் பேசவில்லை. ஏப்ரலில் வகுப்பில் ஒரு பிலிப்பினோப் பையன் ஜேய்ஸ் வீரர் குரேரோ ஜூனியர் படம் போட்ட கார்டு ஒன்றைக் கொடுத்தான், அதிலிருந்துதான் பேச ஆரம்பித்தான். அந்தப் பையனும் அவன் அம்மாவும் நாங்கள் ரெண்டு பேரும் போவதாகத் திட்டம். அவங்க பங்கு 130 டாலரை என்னிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். இன்று ஆட்டம் இல்லை என்று பார்த்ததும் விற்றவருக்கு மெசேஜ் போட்டேன், பதில் இல்லை. இப்போது அவர் கணக்கே தெரியவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஒஷாவா அக்கா

தங்கச்சி, நேராகச் சொல்கிறேன். புதன்கிழமை எந்த அணிக்கும் ஆட்டம் இல்லை. இன்று அட்லாண்டாவில் ஹோம் ரன் டெர்பி (பந்தை மதில் தாண்டி அடிக்கும் போட்டி), நாளை இரவு அங்கேயே ஆல்-ஸ்டார் ஆட்டம், புதனும் வியாழனும் காலி. ஜேய்ஸ் அடுத்து ஆடுவது வெள்ளிக்கிழமை 18-ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு எதிராக, இங்கேயே ரோஜர்ஸ் சென்டர் மைதானத்தில். இல்லாத ஆட்டத்துக்கு உங்களிடம் டிக்கெட் விற்றிருக்கிறார்கள். இது உங்கள் தவறில்லை, புதிதாக வந்தவர்களுக்கு இந்த இடைவேளை தெரியாது என்று தெரிந்தே செய்கிறார்கள்.

இப்போதே வங்கி அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள், இரவிலும் எடுப்பார்கள். அந்த ஆள் பணத்தை இன்னும் ஏற்றுக்கொள்ளாமல் இருந்தால் நீங்களே ரத்து செய்யலாம். தானாகவே கணக்கில் ஏறும்படி வைத்திருந்தால் போன நொடியே ஏறியிருக்கும், அப்போது மோசடி என்று புகார் பதியச் சொல்லுங்கள்.

பிராம்ப்டன் தம்பி

போன காசு போனதுதான். போலீஸ், புகார் என்று போகாதீங்க சகோதரி. பிஆர் (நிரந்தரக் குடியுரிமை) இல்லாமல் இருந்தால் வீண் சிக்கல்.

ஒஷாவா அக்கா

தம்பி, தயவுசெய்து அப்படிச் சொல்லாதே. ஏமாந்தவர் புகார் கொடுத்தால் அது அவர் விசாவுக்கோ பிஆர் விண்ணப்பத்துக்கோ எதிராகப் போகாது. இந்தப் பயத்தால்தான் நம் ஆட்கள் வாய் மூடிக்கொண்டு இருக்கிறார்கள், ஏமாற்றுகிறவன் அடுத்த ஆளைத் தேடிப் போகிறான். 2016-ல் நானும் ஒரு பேஸ்மென்ட் வீட்டுக்கு முன்பணம் அனுப்பி ஏமாந்தேன், கதவைத் தட்டினால் அங்கே வேறு குடும்பம். வெட்கப்பட்டு ஆறு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு வங்கிக்குப் போனபோது அவர்கள் முதலில் கேட்டது, ஏன் அன்றே வரவில்லை என்று. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தங்கச்சி, டொராண்டோ போலீஸின் அவசரமில்லாத எண் 416-808-2222. கனடிய மோசடித் தடுப்பு மையம் 1-888-495-8501. அவர் போட்ட விளம்பரம், பேசிய மெசேஜ், பணம் போன மின்னஞ்சல் எல்லாவற்றையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள், எதையும் அழிக்காதீர்கள். காலையில் வீட்டுக்காரர் வந்ததும் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் இதைவிடக் கஷ்டம்.

ஜெர்சி சிட்டிவாசி

அக்கா சொன்னதுதான் சரி. இன்னொன்று, பார்கோடு படம் வைத்துக்கொண்டு இப்போதெல்லாம் உள்ளே போக முடியாது. டிக்கெட் எம்எல்பி பால்பார்க் செயலியில் இருக்க வேண்டும். யாரிடம் வாங்கினாலும் அவர்கள் செயலி வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். படம் அனுப்புகிறேன் என்றாலே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எக்லின்டன் அண்ணை

இந்த நாலு நாளும் பிள்ளை ஏங்கிப் போவான். நாளை இரவு ஆல்-ஸ்டார் ஆட்டம் ஸ்போர்ட்ஸ்நெட்டில் வரும், குரேரோ தொடக்கத்தில் இறங்கும் ஒன்பது பேரில் நிற்கிறார், எங்கள் கேட்சர் (பந்து பிடிப்பவர்) கர்க்கும் தெரிவாகியிருக்கிறார். மகனுக்கு ஒரு கதை சொல்லுங்கள். குரேரோ பிறந்தது மொன்றியலில், தகப்பன் அங்கே எக்ஸ்போஸ் அணிக்கு ஆடிய காலத்தில். 2007-ல் தகப்பன் ஹோம் ரன் டெர்பி வென்றார், 2023-ல் மகன் வென்றார். அப்படி வென்ற தகப்பனும் மகனும் வேறு யாரும் இல்லை.

நோட்டில் காலியாக விட்ட இடத்தில் அட்டவணையை எழுதச் சொல்லுங்கள். ஜேய்ஸ் 55 வெற்றி, 41 தோல்வி, இரண்டாவதாக நிற்கும் யாங்கீஸ் அணியை விட இரண்டு ஆட்டம் முன்னால். போன வருஷம் 74-88 என்று எங்கள் பிரிவில் கடைசியாக வந்த அணி இது! இந்த இடைவேளையைப் பாதி வழி ஓய்வு என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் வருஷத்துக்கு 162-ல் 96 ஆட்டம் முடிந்துவிட்டது, மிச்சம் 66. கணக்கு நோட்டுத்தானே, கழித்துப் பார்க்கட்டும்.

பிராம்ப்டன் தம்பி

சகோதரி, நான் பயமுறுத்தியதற்கு மன்னிச்சிடுங்க. பசங்க ஏமாற்றம் அடையக் கூடாது என்றால் க்ரிஸ்டி பிட்ஸ் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். மேப்பிள் லீஃப்ஸ் என்று ஒரு பேஸ்பால் அணி (ஹாக்கி அணி இல்லை) அங்கே ஆடுகிறது. புல் சரிவில் உட்கார்ந்து பார்க்கலாம், நாங்கள் போனபோதெல்லாம் காசு வாங்கவில்லை. இந்த வருஷம் ஜப்பானிலிருந்து வந்த அயாமி சாட்டோ என்கிற பெண் அந்த அணிக்குப் பந்து வீசுகிறார். ஆட்ட நாளைப் பார்த்துவிட்டுப் போங்கள். கென்னடியிலிருந்து இரண்டாம் தடம் ரயில் ஏறினால் க்ரிஸ்டி ஸ்டேஷன் வாசலிலேயே பூங்கா.

புதுவரவு (புதன், மாலை 4:30)

எல்லோருக்கும் நன்றி. அன்று இரவே வங்கிக்குப் பேசினேன். பணம் ஏறிவிட்டது, புகார் எண் கொடுத்திருக்கிறார்கள், வருமா வராதா என்று இன்னும் தெரியவில்லை. காலையில் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் போலீஸுக்கு அவரே போன் செய்தார். அந்தப் பையனின் அம்மாவிடம் 130 டாலரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மாட்டேன் என்றார், பாதி நஷ்டம் தன்னுடையதும்தான் என்று. கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தேன்.

நேற்று ராத்திரி ரெண்டு பசங்களும் எங்கள் வீட்டில்தான் பார்த்தார்கள். எதிரணியின் கெர்ஷா பந்தில் குரேரோ ஸ்ட்ரைக்-அவுட் ஆனதும் ரெண்டு பேர் முகமும் சுருங்கிப்போயிற்று. குரேரோ ஆடிய அமெரிக்கன் லீக் அணி ஆறு ரன் பின்னாலிருந்து 6-6 என்று சமன் செய்தது. அதை நோட்டில் எழுதிவிட்டு அப்படியே தூங்கிவிட்டான். காலையில் எழுந்ததும், கடைசியில் ஹோம் ரன் அடித்தே ஜெயிப்பவரைத் தீர்மானித்தார்கள், எதிரணியின் ஷ்வார்பர் மூன்று அடியில் மூன்று அடித்தார், அவங்கதான் ஜெயித்தார்கள் என்று சொன்னேன். ஏன் எழுப்பவில்லை என்று இன்னும் கோபமாக இருக்கிறான்.

வெள்ளிக்கிழமைக்குச் செயலியிலேயே நாலு டிக்கெட் வாங்கிவிட்டேன், 500-வது மட்டம். எப்படிப் போவது? சாப்பாடு கொண்டு போகலாமா?

ஒஷாவா அக்கா

ரொம்பச் சந்தோஷம். வீட்டுக்குப் பக்கத்தில் கில்ட்வுட் அல்லது எக்லின்டன் கோ (GO) ரயில் ஸ்டேஷன் இருந்தால் அதில் ஏறுங்கள், நேராக யூனியன் ஸ்டேஷன். 12 வயது வரை பிள்ளைகளுக்கு கோ ரயிலிலும் டிடிசியிலும் (டொராண்டோ பஸ், சப்வே) கட்டணம் இல்லை. யூனியனிலிருந்து ஸ்கைவாக் என்கிற நடைபாதை வழியாகக் கூட்டத்தோடு நடந்தாலே போதும். சாப்பாடு கொண்டு போகலாம், மென்மையான பையில் கட்டி வையுங்கள், கண்ணாடிப் பாட்டிலும் டின்னும் வேண்டாம். நான் எலுமிச்சைச் சாதம்தான் கொண்டு போவேன்.

எக்லின்டன் அண்ணை

500-இல் படி செங்குத்து, பிள்ளைகளை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் ஏறுங்கள். மழை வந்தால் கூரையை மூடிவிடுவார்கள். ஆறு மணிக்கே உள்ளே போய்விடுங்கள். நோட்டையும் பென்சிலையும் மறக்க வேண்டாம்.