உருதுவில் ‘குஷ்பூ’: பொருளும் பிறப்பும்

வினா:
நறுமணத்தைக் குறிக்க உருதுவில் வழங்கும் ‘குஷ்பூ’ என்ற சொல்லின் ஈற்றில் இருப்பது நம் மலரைக் குறிக்கும் ‘பூ’ தான் என்று நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். எனக்கு ஐயமாக இருக்கிறது. இச்சொல்லை எவ்வாறு பிரிப்பது, எம்மொழியிலிருந்து வந்தது, ‘இத்ர்’ என்பதும் இதே பொருளுடையதா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
மலருக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஐயா. இரு உறுப்புகளும் பாரசீகம். ‘குஷ்’ என்றால் இனிய; நாம் அன்றாடம் சொல்லும் ‘குஷி’யும் இதிலிருந்து வந்ததே. ‘பூ’ என்றால் வாசனை. அதன் முதலெழுத்து ‘பந்து’ என்பதில் நாம் ஒலிப்பது போன்ற அதிர்விலா ஒலி அன்று, ‘பாபு’ என்பதன் முதலொலியான அதிர்வொலி. இவ்வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாததால்தான் இக்குழப்பம் நேர்கிறது. எதிர்ச்சொல் ‘பத்பூ’, அதாவது கெட்ட வாடை.

இந்தப் ‘பூ’வின் பழமை என்னை மிகவும் ஈர்க்கிறது. இடைக்காலப் பாரசீகத்தில் ‘போய்’ என்றும், பண்டை ஈரானிய மொழியான அவெஸ்தாவில் ‘பவோதி’ என்பதை ஒட்டியும் வழங்கிய இச்சொல்லின் வேர், உணர்தல், அறிதல் எனப் பொருள்படும் வடமொழி ‘புத்’ என்ற வேருக்கு உடன்பிறப்பு. ஆகவே போதி, புத்தர் என்னும் சொற்களும் இதற்கு உறவினவே.

மறுமொழி 2:
‘இத்ர்’ அரபுச் சொல். குஷ்பூ மணம் என்னும் பண்பைக் குறிக்க, இத்ர் வடித்தெடுத்த நறுமணப் பொருளைக் குறிக்கிறது. நாம் ‘அத்தர்’ என்பது இதைத்தான். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இன்றும் செப்புக் கொப்பரையில் மலர்களை நீரோடு கொதிக்கவிட்டு, எழும் ஆவியைச் சந்தன எண்ணெய் உள்ள கலத்தில் இறக்கி மரபுவழியில் இதனை வடிக்கிறார்கள். சுட்ட மண்ணிலிருந்து மழை மணம் கமழும் ‘மிட்டி இத்ர்’ வடிப்பதும் அவ்வூரின் சிறப்பு. நெடிலோடு ‘அத்தார்’ என்றால் நறுமணப் பொருள்களும் மருந்துச் சரக்குகளும் விற்பவர். பாரசீகக் கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தாரின் பெயரும் அத்தகையதே.

மறுமொழி 3:
இலக்கணம் குறித்து ஒன்று சேர்க்கிறேன். ஈரானில் இன்று ‘குஷ்பூ’ பெரும்பாலும் ‘மணமுள்ள’ என்னும் பெயரடை. உருதுவிலோ அது பெண்பாற் பெயர்ச்சொல், பெயரடை வேண்டுமானால் ‘குஷ்பூதார்’ என்பார்கள். தனித்து நிற்கும் ‘பூ’ உருதுப் பேச்சில் பெரும்பாலும் துர்வாடையையே குறிக்கும், நம் ‘நாற்றம்’ இழிந்ததைப் போல. கவிதையில் மட்டும், நிறமும் மணமும் எனப் பொருள்படும் ‘ரங்க்-ஓ-பூ’ என்ற தொடரில், அதன் பழைய நற்பொருள் இன்னும் நிலைத்திருக்கிறது.