மாறுவேடக் காட்சிக்கு யோசனை சொல்லுங்களேன்

நண்பர்களே, குழந்தைகளுக்கான அனிமேஷன் நகைச்சுவை ஒன்று எழுதுகிறேன். அதில் ஒரு ஆண் நரி, பாட்டி வேடம் போட்டு ஓநாயிடமிருந்து தப்பிக்க வேண்டும்.

1957-இல் சக் ஜோன்ஸ் இயக்கிய ‘வாட்ஸ் ஆப்பரா, டாக்?’ என்ற அனிமேஷன் குறும்படத்தில் பக்ஸ் பன்னி என்ற ஆண் முயல் பெண் வேடமிட்டு, தலைக்கவசமும் பொன்னிறப் பின்னலுமாகக் குதிரையில் வந்ததும், அதைத் துரத்தும் வேட்டைக்காரர் எல்மர் ஃபட் காதலில் விழுந்துவிடுவார். தலைக்கவசம் கழன்றதும்தான் குட்டு உடையும். பக்ஸுக்கு அந்த உடையில் துளிக்கூடக் கூச்சமில்லை. சிரிப்பெல்லாம் ஏமாந்தவர் மேல்தான். எனக்கும் அப்படித்தான் வேண்டும். பெண் உடை போட்டதே கேலி என்று ஒரு குழந்தைகூட நினைத்துவிடக் கூடாது.

சரி, இப்போது குட்டு எப்படி உடைய வேண்டும்? வால் எட்டிப் பார்ப்பது பழசு. குரலா, நடையா? சின்னக் குழந்தைகளோடு இப்படிப் படங்கள் பார்த்தவர்கள், அவர்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று சொல்லுங்கள்.