நாடாளுமன்றத்தின் இரண்டு அவையும் முட்டிக்கொண்டால் யார் சொல் நிற்கும்?

கரும்பலகை:
குடிமையியல் எடுக்கிறேன். பாடப் படத்தில் மேலவை மேலேயும் கீழவை கீழேயும் இருந்தது. உடனே ஒரு மாணவி, "அப்போ மேலவைக்குத்தானே அதிகாரம் அதிகம்?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். "ஒரு மசோதாவில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால்?" என்றாள். மணி அடித்ததால் தப்பித்தேன். விளக்குங்களேன்.

பின்வரிசை:
பெயரை நம்பாதீர்கள். பல நாடுகளில் அரசைக் கவிழ்ப்பது கீழவைதான். இத்தாலி விதிவிலக்கு: அங்கே இரண்டின் நம்பிக்கையும் வேண்டும், மசோதாவும் ஒரே வாசகத்தில் இரண்டிலும் நிறைவேற வேண்டும். அதுவரை அங்கும் இங்கும் அலையும்.

பிரிட்டனில் மேலவையான பிரபுக்கள் அவை தடுக்க முடியாது, தாமதப்படுத்தலாம். 1911 சட்டம் இரண்டு வருடம் என்றது, 1949-இல் ஒரு வருடமாகக் குறைத்தார்கள். வரி, செலவு பற்றிய பண மசோதா என்றால் ஒரே மாதம். ஜப்பானில் மேலவை நிராகரித்ததைக் கீழவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் மறுபடி நிறைவேற்றலாம். இந்தியாவில் சாதாரண மசோதா என்றால் இரண்டு அவையும் ஒன்றாக உட்கார்ந்து வாக்களிக்கும் கூட்டுக் கூட்டம். 1961, 1978, 2002 என மூன்றே முறை மசோதாவுக்காகக் கூடினார்கள். கீழவையான மக்களவையின் ஆட்கள் மாநிலங்களவையைவிட இரண்டு மடங்குக்கு மேல், அதனால் எண்ணிக்கையிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும்.

வாக்குமணி:
அவையில் யார் உட்கார்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். அமெரிக்க செனட்டில் சின்ன மாநிலமோ பெரிய மாநிலமோ, ஆளுக்கு இரண்டு இடம், மொத்தம் 100. ஜெர்மனியின் மாநிலங்கள் அவையில் தனித் தேர்தலே இல்லை. மாநில அரசுகளின் ஆட்கள்தான் வருவார்கள், ஒரு மாநிலத்தின் வாக்கு முழுதும் ஒரே பக்கம் விழ வேண்டும்.

எனக்குப் பிடித்த கூத்து அங்கேதான் நடந்தது. 2002 மார்ச், குடியேற்றச் சட்டம். பிராண்டன்பர்க் மாநிலத்தின் ஒரு அமைச்சர் "ஆம்" என்றார், இன்னொருவர் "இல்லை" என்றார். அவைத்தலைவர் மாநில முதல்வரைக் கேட்டு "ஆம்" என்று கணக்கில் எடுத்துக்கொண்டார். ஒரே கூச்சல். டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் வாக்கு பிரிந்துவிட்டது, சட்டம் செல்லாது என்றது.

கரும்பலகை:
பிரிட்டனைப் பார்த்தால் மேலவை வெறும் பிரேக் போலத் தெரிகிறதே?

வாக்குமணி:
பிரேக்கா? ஆஸ்திரேலிய செனட்டைப் பாருங்கள். வரி, செலவு மசோதாக்களைத் திருத்த முடியாது, ஆனால் ஏற்க மறுக்கலாம். 1975-இல் எதிர்க்கட்சிகள் செலவுக்கான மசோதாக்களை அங்கே நிறுத்திவைத்தன. நவம்பர் 11 அன்று அரசியின் பிரதிநிதியான தலைமை ஆளுநர், பிரதமர் விட்லமைப் பதவியிலிருந்தே நீக்கிவிட்டார். கீழவையில் பெரும்பான்மை இருந்தும்!

பின்வரிசை:
ஆமாம், அதை நான் விட்டுவிட்டேன். பணம் என்றாலே கீழவைதான் ஜெயிக்கும் என்று எழுதிவிடாதீர்கள்.

கரும்பலகை:
சரி, பிராண்டன்பர்க்கை நாளை வகுப்பில் நடித்துக் காட்டப்போகிறோம். "ஆம்", "இல்லை" சொல்லப் பையன்கள் இருவர் தயார். அவைத்தலைவர் அந்த மாணவிதான். என்ன முடிவெடுப்பாள் என்று நான் சொல்லித்தரப் போவதில்லை.